பழைய டிவி, இலவசச் சேனல்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இன்னும் சில வீடுகளில் பழைய படக்குழாய் டிவி நன்றாகவே ஓடுகிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்; இலவசச் சேனல்களை அதிலேயே பார்க்கலாம்.

பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் சேவை 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷுக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் ஒரு முறை செலவு, அவ்வளவுதான். எம்பெக்-4 பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் எல்லாச் சேனல்களும் வராது. பாக்ஸையும் டிவியையும் இணைக்க மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏவி ஒயர் போதும். ஆன்டெனா துளை மட்டுமே உள்ள டிவியா? இடையில் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு கருவி வேண்டும்.

டிஷ்ஷுக்கு வரும் அலையை மலை மறைக்குமோ என்ற கவலை பலருக்கு. மறைக்காது. சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிறது. திருவண்ணாமலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில், ஏறத்தாழ 68 பாகை உயரத்தில். ஆசிரமத் தெருக்களுக்கு மலை வடக்கே இருக்கிறது. மலைக்கு வடமேற்கிலுள்ள அடி அண்ணாமலையில்கூட, அந்த உயரத்தை மலை எட்டாது. தடை செய்வது மரக்கிளைதான். அதற்காக வேம்பை வெட்டாதீர்கள். டிஷ்ஷை மாடியில் நான்கடி தள்ளி வையுங்கள்.

கட்டணச் சேனல்கள் இதில் வரமாட்டா. டிடி தமிழ் வரும். வாங்கும் முன், பாக்ஸில் ஏவி துளை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.