கெட்ட நினைப்பு வந்தால் நாம் கெட்டவர்களா?

காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரம். தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது. கறி வெட்டிக்கொண்டிருந்த தாயின் மனதில் திடீரென்று ஒரு நினைப்பு: "இந்தக் கத்தியால புள்ளைய குத்திட்டா?" நடுங்கிப்போய் கத்தியைப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் அந்த நெனப்பு வருதா?" என்று தன்னையே சோதித்துப் பார்க்கிறாள். தேடினால் வராமல் இருக்குமா? இரவில் கணவனிடம், "ஏங்க, நான் அப்புடி செஞ்சிருவேனா?" என்று பத்துத் தடவை கேட்கிறாள்.

"பேய் புடிச்சிருக்கு" என்று லயத்தில் பேசுவார்களே என்ற பயத்தில் இதை யாரும் வெளியே சொல்வதில்லை. இது பேயுமல்ல, கெட்ட குணமுமல்ல. டாக்டர்மார் 'ஓசீடி' என்று சொல்லும் நோய். சிலர் கை கழுவிக்கொண்டே இருப்பார்கள். சிலர் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் மனதுக்குள்ளேயே தங்களை விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

வேண்டாத நினைப்பு எவருக்கும் வரும். இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் இல்லாதவர்களிலும் பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேர் தமக்கும் அப்படி வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் "சீ, என்ன நெனப்பு" என்று விட்டுவிடுவார்கள். நோயுள்ளவர் "ஏன் வந்தது?" என்று அதையே பிடித்துக்கொள்கிறார். அதுதான் வித்தியாசம்.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தால் அந்த நேரம் சுகம். பிறகு புண் பெருக்கும். சோதித்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

நாம் என்ன செய்யலாம்?

நினைப்பை விரட்டப் போராட வேண்டாம். "இது நோய் தரும் நெனப்பு" என்று சொல்லிக்கொண்டு கையிலுள்ள வேலையைத் தொடருங்கள். சோதிக்கத் தோன்றினால் முதலில் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பிறகு பத்து நிமிடம். பதற்றம் ஏறும், ஆனால் தானாகவே இறங்கும்.

வீட்டார் நூறு தடவை "செய்யமாட்ட" என்று சத்தியம் செய்வதும் சொறிவதுதான். "இது நோய் கேக்குற கேள்வி புள்ள, நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். ஏசவோ கேலி பண்ணவோ கூடாது.

இதற்கு வைத்தியம் உண்டு. தோட்ட வைத்தியரிடம் சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள், அங்கே காசில்லை. பயத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சந்திக்கப் பழக்கும் சிகிச்சையும் மருந்தும் தருவார்கள். மருந்து வேலை செய்யச் சிலருக்கு 12 வாரமும் ஆகலாம். நாமாக நிறுத்தக்கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். காதில் குரல் கேட்டாலோ, பிள்ளைக்குத் தீங்கு செய்வதுதான் சரியென்று தோன்றினாலோ, சாக வேண்டும்போல் இருந்தாலோ அது வேறு விஷயம். அவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

நினைப்பு வேறு, செயல் வேறு. அந்தத் தாய் பயப்படுவதே பிள்ளை மேலுள்ள பாசத்தால்தான். அவள் வாய் திறந்து சொல்லும்போது காது கொடுத்துக் கேட்போம்.