விசுவாசம், நம்பிக்கை, எதிர்நோக்கு: இருண்ட நாள்களில் கிறிஸ்தவர்கள் பற்றிக்கொள்வது எதை?

மெதடிஸ்ட், லூத்தரன் சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் கடைசி வசனத்தில் 'விசுவாசம்', 'நம்பிக்கை' என்ற இரு சொற்கள் வரும். கத்தோலிக்கத் தேவாலயங்களில் வாசிக்கப்படும் பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'நம்பிக்கை', 'எதிர்நோக்கு' என்று இருக்கும். ஒரு வீட்டில் அக்காள் கத்தோலிக்கர், தங்கை மெதடிஸ்ட் என்றால், இருவரும் 'நம்பிக்கை' என்று சொல்லும்போது வேறு வேறு பொருளில் பேசுகிறார்கள். தங்கைக்கு அது வரப்போகும் நன்மைக்கான காத்திருப்பு. அக்காளுக்கு அது கடவுள்மீது வைத்த பற்று.

தமிழ் படித்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு 'எதிர்நோக்கு' என்ற சொல்மீது ஒரு தனிப் பிரியம். புதிதாகச் செய்த சொல்போலத் தெரிந்தாலும், எதிர்நோக்குவது நமக்குப் பழகிய வேலைதான். சம்பள நாளை எதிர்நோக்குகிறோம். வெளியூர் போன பிள்ளையை எதிர்நோக்குகிறோம். கையில் இல்லாத ஒன்றுக்காகக் கண்ணைத் திருப்பி வைத்திருப்பது அது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் வார்த்தை வேறு, இது வேறு.

இந்த வேறுபாடு தெரியாமல் போவதால் பலர் காயப்படுகிறார்கள். வேலை போனவர், புற்றுநோய் என்று கேள்விப்பட்டவர், தோட்டம் விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பம் என யாராக இருந்தாலும், முதலில் கேட்கும் வார்த்தை 'ஜெபம் பண்ணுங்க, கவலைப்படாதீங்க' என்பதுதான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கோ, அழுவதே விசுவாசக் குறைவு என்று பட்டுவிடுகிறது.

வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. திருப்பாடல்கள் அல்லது சங்கீதங்கள் மொத்தம் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 'ஏன் என்னைக் கைவிட்டாய்' என்ற ரீதியில் கடவுளிடமே வழக்காடும் பாடல்கள் அவை. பெரும்பாலானவை கடைசியில் நன்றியிலோ துணிவிலோ போய் முடியும். 88ஆம் பாடல் மட்டும் அப்படித் திரும்புவதே இல்லை. இருட்டோடு தொடங்கி இருட்டோடேயே முடிகிறது. அதையும் யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசு சொன்னதும் ஒரு புலம்பல் பாடலின், அதாவது 22ஆம் பாடலின், தொடக்கம்தான். நம் பாட்டிமார் இழவு வீட்டில் பாடிய ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை. துக்கத்தை வாய்விட்டுச் சொல்வதும் ஒரு பிரார்த்தனை.

வழிபாட்டு நாள்காட்டியும் இதே வரிசையில்தான் ஓடுகிறது. பெரிய வெள்ளியில் சிலுவை. மறுநாள் சனிக்கிழமை பலிபீடம் வெறுமையாகக் கிடக்கும். பகலில் திருப்பலி கிடையாது. அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பில் ஆலய விளக்குகள் அணைக்கப்பட்டு, வெளியே மூட்டிய புதுத்தீயிலிருந்து ஒற்றைப் பெரிய திரி ஏற்றப்படும். அதிலிருந்து ஒருவர் கைத்திரி, அவரிடமிருந்து அடுத்தவர் கைத்திரி என்று வெளிச்சம் பின்வரிசை வரை நகரும். ஒன்றும் நடக்காத அந்தச் சனிக்கிழமையைத் தாண்டாமல் யாரும் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு வருவதில்லை.

இதை வாழ்ந்து காட்டியவர் நம் நாட்டிலேயே இருந்தார். சிபில் கார்த்திகேசு 1899இல் மேடானில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர், தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் கார்த்திகேசு யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினர். இருவரும் ஈப்போவில் கிளினிக் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கியபோது குடும்பம் பாப்பான் என்ற ஈயப் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே, 74ஆம் எண் கடைவீட்டில், காட்டிலிருந்து வந்த கெரில்லாக்களுக்கு சிபில் ரகசியமாகச் சிகிச்சை செய்தார். மறைத்து வைத்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டார்.

1943இல் பிடிபட்டார். கெம்பெத்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவப் போலீஸ், அவரது சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டியது, அம்மாவின் கண்முன்னே. அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை உயிர் தப்பியது. சிபிலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது; கணவரும் வளர்ப்பு மகனும்கூடச் சிறை சென்றார்கள்.

1945இல் விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார், ஜார்ஜ் பதக்கம் பெற்றார், 1948 ஜூனில் 48 வயதில் அங்கேயே இறந்தார். 1954இல் வெளிவந்த அவரது நினைவுக் குறிப்பு, 'நோ டிராம் ஆஃப் மெர்சி', முழுக்கப் பிரார்த்தனை ஊடாடுகிறது.

பிரார்த்தனை அவர் உடலைக் காப்பாற்றவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. அடி விழுந்தது, முதுகு போனது, ஆயுள் குறைந்தது. ஆனால் தன் உயிரைவிட, ஏன், பெற்ற மகளின் உயிரைவிடக்கூடப் பெரிய ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் தான் என்ற எண்ணம் அவரை வாய் திறக்காமல் நிறுத்தியது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் துன்பத்தில் தொடங்கி, பொறுமை வழியாக, கடைசியில்தான் நம்பிக்கைக்கு வந்து சேர்கிறார். அந்த வரிசையை சிபிலின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் சிபிலை அளவுகோலாக்கக் கூடாது. எல்லாரும் அவரைப்போல் தனியாகத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கிறிஸ்தவம் கேட்பதில்லை. கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டங்களும், மற்ற சபைகளின் வீட்டு ஜெபக்கூட்டங்களும் இதற்காகத்தான் இருக்கின்றன: துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப்போவது, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ வேண்டாம் என்ற நினைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் அது விசுவாசக் குறைவு அல்ல, நோய். பாதிரியாரையும் பார்க்கலாம், மருத்துவரையும் பார்க்கலாம், ஒன்றுக்கொன்று போட்டியில்லை. சிபிலே ஒரு தாதிதானே. பெயர் சொல்லாமல் பேச நினைப்பவர்கள் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.