விடியலில் வாய் பிளக்கும் கெண்டை

கூத்தாநல்லூர் பக்கம் கோடை மழைக்கு மறுநாள் குளத்து மீன் செத்து மிதந்தால், "யாரோ மருந்தைக் கலந்துட்டாங்க" என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாக்கடை விழுந்து பச்சை பூத்துக் கிடக்கும் குளத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜன் பற்றாக்குறையை.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். மீனுக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியும் முன் கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறது. அன்று தீனி போடாதீர்கள். குளிர்ந்த மழைநீர் இறங்கி அடிச்சேற்றுத் தண்ணீரைக் கிளப்பிவிட்டால், மிச்சமிருந்த ஆக்சிஜனும் போச்சு.

உடனே தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டலாம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம் மானியம் உண்டு; மீன்வளத் துறையில் கேளுங்கள். ஒட்டுப்போட்ட வயரில் மட்டும் ஓட்டாதீர்கள், உயிர் போய்விடும்.

ஆனால் ஏரேட்டர் முதலுதவிதான். சுவிட்சர்லாந்தின் செம்பாக் ஏரியில் 1984-இல் மீன்கள் கூட்டமாகச் செத்தன. அந்த ஆண்டே ஏரியின் அடியில் ஆக்சிஜன் செலுத்த ஆரம்பித்தார்கள். பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், சேற்றிலிருந்து பாஸ்பரஸ் கசிவது குறையவே இல்லை. வெளியிலிருந்து வந்து சேரும் கழிவைக் குறைத்ததில்தான் பலன் கிடைத்தது. சாக்கடையை அடைக்காமல் நடுக்குளத்தில் நீரூற்று வைப்பதை நான் அலங்காரம் என்றுதான் சொல்வேன்.

நீர்நிலையில் கழிவு விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. எந்த வடிகால் குளத்தில் சேர்கிறது, தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று நகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். குளத்தை ஏலம் எடுத்து நட்டப்பட்டவர் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், பாதிப்பு ஏற்பட்ட 5 ஆண்டுக்குள் இழப்பீடு கோரலாம்.

அதற்குச் சாட்சியம் வேண்டும். பாட்டிலில் பிடித்த தண்ணீரை மாலையில் சோதித்தால் ஆக்சிஜன் கணக்கு மாறிவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் சொல்லி, கரையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கலந்ததாகச் சந்தேகம் இருந்தால், செத்த மீனையெல்லாம் புதைப்பதற்கு முன் நாலைந்தைப் பனிக்கட்டியில் போட்டு வையுங்கள்.