ஐவருக்கு ஒரு படகு

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. பணம் செலவிடும் எல்லாச் செயலுக்கும் அது பொருந்தும். தண்ணீரில் மிதக்கும் பொருளொன்றை வாங்க முற்படுவோருக்கோ, அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு நீர்நிலைகள் புதியவை அல்ல. அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை நகரைத் தழுவிச் சென்று பூவாற்றில் அரபிக்கடலைச் சேர்கிறது. 1860-ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், அங்கிருந்தே தென்திசை நோக்கிச் செல்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறியபோது, களியக்காவிளைக்கு அப்பால் ஒரு மாநிலமும் இப்பால் ஒரு மாநிலமும் என நிலம் பிரிந்தது. எனினும் இருபுறத்து உறவும் மொழியும் பிரியவில்லை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு நீரில் உலாவர வேண்டும் என்னும் விருப்பமும் இருபுறத்தாருக்கும் பொதுவானதே.

அவ்விருப்பத்தோடு ஆசிரியத் தம்பதியர் ஒருவர் நம் கிளைக்கு வந்தனர். அவர்களது தொடர் வைப்புக் கணக்கு முதிர்ந்து நான்கு இலட்சம் ரூபாய் கையில் இருந்தது. அவசரத் தேவைக்கென ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே நிரந்தர வைப்பில் வைத்திருந்தனர். அவர்கள் முன் இரண்டு அலுமினியப் படகுகள் இருந்தன. அவற்றுள் எதை வாங்குவது என்பதே கேள்வி.

இரு படகுகள், இரு குணங்கள்

முதலாவது 12 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. அடிப்பகுதி தட்டையானது, தகடுகள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை, 9.9 குதிரைத்திறன் எஞ்சின் உடையது. இரண்டாவது 14 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் கொண்டது. அடிப்பகுதி கூம்பியது, தகடுகள் வெல்டிங் செய்யப்பட்டவை, 15 குதிரைத்திறன் எஞ்சின் உடையது. இரண்டிலும் படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சின்தான். பொழியூர், பூவாறு மீனவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வகை ஆதலால், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அருகிலேயே உண்டு.

அலுமினியத்தின் நன்மை அதன் எடைக்குறைவு. அது மரத்தைப்போல் உளுப்பதில்லை. கல்லில் மோதினால் பெரும்பாலும் விரிசல் விடாமல் நெளிந்துகொள்ளும். ஆனால் உப்பு கலந்த நீரில் பித்தளை, செம்பு போன்ற உலோகங்கள் அதனோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே செம்பு கலந்த அடிப்பூச்சைப் பூசக்கூடாது. தன்னைத் தின்னக் கொடுத்துப் படகைக் காக்கும் துத்தநாகம் போன்ற காப்புக் கட்டிகளைப் பொருத்த வேண்டும். பூவாற்றுக் காயலில் ஓட்டிய பின் நன்னீரால் கழுவ வேண்டும். தகடு 5052 அல்லது 5083 எனப்படும் கடல்சார் தரத்தினதா என்று கேட்பதும் நன்று. ரிவெட் அடித்த படகு விலை குறைவு. ஆண்டுகள் செல்ல ஆணிகள் தளர்ந்து நீர் கசியக்கூடும். வெல்டிங் செய்தது விலை கூடுதல். எனினும் அதில் பிளவு ஏற்பட்டால் சாதாரண இரும்புப் பட்டறையில் ஒட்ட இயலாது, அலுமினிய வெல்டிங் அறிந்தவரையே நாட வேண்டும்.

அடிப்பகுதியின் வடிவத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. தட்டை அடி, ஆழமில்லாத இடத்திலும் செல்லும். ஏறும்போது அதிகம் ஆடாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் சிற்றலையிலும் தடதடவென்று அடிக்கும். நீர் உள்ளே தெறிக்கும். கூம்பிய அடி அலையைப் பிளந்து செல்லும். பிற்பகல் காற்றிலும், அருகே விரையும் சுற்றுலாப் படகுகள் எழுப்பும் அலையிலும் அமைதியாக நகரும். ஆயினும் நின்ற நிலையில் ஒருவர் ஓரத்தில் கால்வைத்தால் சற்றுச் சாயும். எஞ்சினுக்கும் கூடுதல் திறன் வேண்டும்.

நாம் செய்த பிழை

எஞ்சின், டிரெய்லர், உயிர்காப்பு அங்கிகள் அனைத்தும் சேர்த்து முதலாவது நான்கு இலட்சம், இரண்டாவது ஆறு இலட்சம் என்று கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். முதலாவதற்குக் கடனே வேண்டாம். உல்லாசத்துக்காகக் கடன் வாங்காதீர் என்பது வங்கியாளராகிய நாம் ஓயாமல் சொல்லும் அறிவுரை. எனவே, சிறிய படகே போதும் என்று நாமும் தயக்கமின்றிச் சொன்னோம்.

அதுவரை பேசாதிருந்த அம்மையார், “அப்ப மாமி எங்க இருப்பாவ சார்?” என்று கேட்டார்.

கணவன், மனைவி, இரு பிள்ளைகள், கணவரின் தாயார் எனக் குடும்பத்தில் ஐவர். விலையை எண்ணிய நாம் ஆட்களை எண்ணவில்லை.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 20 அடிக்கும் குறைந்த ஒற்றை உடல் படகுகளுக்கு, நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுத்தால் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழிகாட்டுகிறது. முதல் படகுக்கு 12-ஐ 5-ஆல் பெருக்க 60. 15-ஆல் வகுக்க நால்வர். இரண்டாவதற்கு 14-ஐ 5.5-ஆல் பெருக்க 77. 15-ஆல் வகுக்க ஐவர். இதுவும் அமைதியான நீருக்கும் சராசரி எடைக்கும் உரிய உச்ச அளவே. படகில் திறன் தகடு இருப்பின், அதில் குறித்துள்ள எடையும் குதிரைத்திறனும் இக்கணக்கைவிட மேலானவை.

பிள்ளைகள் எடை குறைந்தவர்கள்தாமே, ஐவரையும் ஏற்றலாகாதா என்று எண்ணத் தோன்றும். படகு பல்லாண்டு உழைக்கும். பிள்ளைகளோ சில ஆண்டுகளில் நம் தோளுக்கு வளர்ந்துவிடுவர். இன்று ‘சற்றே கூடுதல்’ என்பது நாளை வழக்கமாகிவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அவை பெரிய படகுகள், வாணிகப் படகுகள். எனினும் நீர், படகின் அளவையோ உரிமையாளரின் அன்பையோ பார்ப்பதில்லை.

இருக்கைக் கணக்கு

இனிப் பணத்தை மீண்டும் பார்ப்போம். கூடுதலாக வேண்டிய இரண்டு இலட்சத்தைத் தனிநபர் கடனாக 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை சுமார் 6,643 ரூபாய். மொத்த வட்டி சுமார் 39,000 ரூபாய். பத்தாண்டுப் பயன்பாட்டில், எரிபொருளும் பராமரிப்பும் ஆண்டுக்குச் சிறியதற்கு 25,000, பெரியதற்கு 30,000 என்றும், இறுதியில் விற்றால் முறையே 1,30,000, 2,00,000 கிடைக்கும் என்றும் கொள்வோம். சிறிய படகின் நிகரச் செலவு 5,20,000. பெரியதன் நிகரச் செலவு, வட்டி உட்பட, 7,39,000.

மாதம் இருமுறை வீதம் பத்தாண்டில் 240 முறை உலாச் சென்றால், ஒருமுறைக்குச் சிறியதில் 2,167 ரூபாய், பெரியதில் 3,079 ரூபாய். இவற்றை இருக்கைகளால் வகுத்துப் பாருங்கள். நால்வருக்குத் தலைக்கு 542. ஐவருக்குத் தலைக்கு 616. இரண்டு இலட்சம் என்று நம்மை அச்சுறுத்திய வேறுபாடு, ஓர் இருக்கைக்கு ஓர் உலாவுக்கு 74 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. ஆண்டுக்கு ஆறு முறைதான் செல்வோம் என்றால், எரிபொருள் குறைந்தாலும் பெரிய படகில் ஓர் உலாவுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அத்தகையோர் பூவாற்றில் உரிமம் பெற்ற படகை வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது எத்தனை முறை செல்வோம் என்பது. எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது எத்தனை பேர் செல்வோம் என்பது. விலை மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி.

கடன் பெறும் வழியிலும் கவனம் வேண்டும். வைப்புத் தொகையின் பேரில் பெறும் கடனுக்கு வட்டி பொதுவாகக் குறைவு. ஆனால் அவசரத் தேவைக்கான வைப்பையே அடகு வைத்தால், அவசரம் வரும் நாளில் கை கட்டப்பட்டிருக்கும். தவணை செலுத்திய பின்னரும் மாதச் சேமிப்பு தொடர வேண்டும். தொடராதெனில், படகை ஓராண்டு தள்ளிப்போடுவதே நல்லது.

வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது பழமொழி. குடும்பப் படகோ பெரும்பாலான நாட்கள் வண்டியில்தான் இருக்கும். அதை நிறுத்த இடமும், இழுக்கத்தக்க வாகனமும், நீரில் இறக்கத்தக்க சரிவான கரையும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம் வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்தது. அங்கே நம் விருப்பம்போல் சொந்தப் படகை இறக்க இயலாது. பூவாற்றின் பொழிமுகத்தில் கடலும் ஆறும் சந்திக்கும் இடம் சிறு படகுக்கு உரியதன்று. இருபருவ மழையும் பெறும் நம் பகுதியில், ஆற்றில் நீர்வரத்து பெருகும் நாட்களில் படகு கரையிலேயே இருக்கட்டும்.

எஞ்சின் பொருத்திய படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். பதிவு, ஆய்வு, காப்பீடு ஆகியவற்றைக் குறித்துக் கேரள மாரிடைம் போர்டு அலுவலகத்தில், முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டறிய வேண்டும். எஞ்சினின் தண்டு நீளம் (15 அங்குலம் அல்லது 20 அங்குலம்) பின்பலகையின் உயரத்தோடு பொருந்த வேண்டும். நீர் நிரம்பினாலும் மூழ்காதபடி இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை அடைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவரவர் அளவில் உயிர்காப்பு அங்கி வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டாமல் எஞ்சினை இயக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பம் முழுவதையும் அழைத்துச் சென்று சோதனை ஓட்டம் பார்க்க வேண்டும்.

அக்குடும்பம் அவ்வாறே செய்தது. ஜனவரி மாதக் காலைப்பொழுதொன்றில் நாமும் காயற்கரையில் உடன் நின்றோம். முதலில் சிறிய படகு. நால்வர் ஏறியதும் அது நிறைந்துவிட்டது. சிறுவயதில் வள்ளமேறிப் பூவாற்றுக்கு வந்து பழகிய அந்த மூதாட்டி, யாரும் சொல்லும் முன்பே ஓர் அடி பின்வைத்து, “நீங்க போயிட்டு வாங்க மக்களே, நான் இங்கின இருக்கேன்” என்றார். அச்சொல்லில் வருத்தம் சிறிதும் இல்லை. பழக்கம் மட்டுமே இருந்தது. நால்வர் படகை வாங்கியிருந்தால், ஒவ்வொரு ஞாயிறும் கரையில் நிற்கப்போகிறவர் யார் என்பது அக்கணத்தில் அனைவருக்கும் விளங்கியது.

அடுத்துப் பெரிய படகு. ஏறும்போது அது சற்றுச் சாய்ந்தது. மகன் ஒரு கையையும் மருமகள் மறு கையையும் பிடித்தனர். நடு இருக்கையில் அமர்ந்ததும் மூதாட்டி தம் கையைப் புறத்தே நீட்டி நீரைத் தொட்டார். ஏறுவதற்கு ஒரு கைப்பிடியும் ஒரு படியும் கூடுதலாகப் பொருத்தித் தரவேண்டும் என்று விற்பவரிடம் சொல்லி, அப்படகையே அவர்கள் முடிவு செய்தனர்.

மறுநாள் கடன் விண்ணப்பத்தை நாம் நிரப்பினோம். கடன் வேண்டாம் என்று அறிவுரை கூறுவது எளிது. அது பல வேளை சரியும் ஆகும். எனினும், செலவைக் குறைக்கும்போது குறைவது பணமா, குடும்பத்தில் ஒருவரது இடமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கையை, நம் கிளையின் மேசைக்கு அப்புறம் அமர்ந்திருந்த ஒரு மருமகளிடமிருந்து நாம் கற்றோம்.