5200 கேட்டால் 5200தான் கிடைக்கிறதா?

பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 75 மெகாவாட் திறனோடு 1969இல் இயங்கத் தொடங்கியது. நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் இந்த ஊரில் ஓர் இளைஞர் சொந்தமாக அம்பிளிஃபயர் செய்ய நினைத்தால், ஹட்டனில் கிடைக்காத பாகத்துக்கு அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்க ஒரு நாள் போய்விடும். தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால் அன்றைய பேரும் இல்லை.

அப்படி வாங்கி வந்த பாகம் போலி என்றால்?

அதிகம் போலி செய்யப்படுபவை, கடைகளில் '5200–1943 சோடி' என்று கேட்கப்படும் பவர் டிரான்சிஸ்டர்கள். அசல் தொஷிபா 5200இன் தரவுத்தாள் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்கிறது. அந்த 150 வாட்டும் டிரான்சிஸ்டரின் உடல் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போதுதான். சூடேற ஏற அது குறையும். போலியில் வெளிக்கூடும் எழுத்தும் அதேதான். உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டு மட்டும் மிகச் சிறியது.

கடைக்காரர் மீட்டர் வைத்து "நல்லதுதான்" என்று காட்டுவதில் பொய் இல்லை. மீட்டர் கொடுக்கும் சிறு மின்னோட்டத்தைப் போலியும் தாங்கும். வீட்டில் மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போதும் தாங்கும். கோயில் திருவிழாவில் சத்தத்தைக் கூட்டும்போதுதான் எரியும். எரிந்து ஷோர்ட் ஆனால் நேர்மின்னோட்டம் நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதன் கொயிலையும் கருக்கிவிடும். அதனால் ஸ்பீக்கர் பாதுகாப்புச் சுற்று இல்லாமல் அம்பிளிஃபயர் கட்டக் கூடாது.

கண்டுபிடிக்க வழி உண்டு. பழுதான பழைய ஜப்பான் செட்டிலிருந்து கழற்றிய ஓர் அசல் 5200ஐக் கையோடு கொண்டுபோங்கள். கொள்ளளவு அளக்கும் மீட்டரால் இரண்டிலும் பேஸ், கலெக்டர் கால்களுக்கு இடையே அளந்து பாருங்கள். புதியது மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே இருப்பது சிறிய துண்டு. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி உடைத்துப் பார்ப்பது இன்னும் உறுதி. ஒரு டிரான்சிஸ்டர் வீணாகும். ஒரு நாள் பயணம் வீணாகாது.

ஆயத்தமாக விற்கும் செட்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெட்டியில் '3000 வாட் பிஎம்பிஓ' என்று இருக்கும். செட்டின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அது இழுக்கும் மின்சாரம் 40 வாட் என்று எழுதியிருக்கலாம். 40 வாட் வாங்கும் செட் தொடர்ந்து 40 வாட்டுக்கு மேல் தராது. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால் அதைவிடக் குறைவாகவே தரும். தண்ணீரில் இல்லாத சக்தியைப் பொல்பிட்டிய டர்பைனாலும் தர முடியாது.

எனவே முன்பக்கத்து எழுத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பின்பக்கத்தையும் உள்பக்கத்தையும் பார்த்த பிறகு கொடுங்கள்.