சிறிய வீட்டுக்கு முதலில் வாங்கவேண்டியது அளவுநாடா

தேக்காவில் கெர்பாவ் சாலைப் பக்கம் போகிறவர்கள் 37ஆம் எண் வீட்டைக் கவனிக்காமல் வரமுடியாது. கதவுக்கு ஒரு நிறம், சன்னலுக்கு ஒரு நிறம், தூணுக்கு இன்னொரு நிறம். சுற்றுப்பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மிட்டாய்த் தொழில் நடத்திய டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு அது, 1900ல் கட்டப்பட்டது. இன்று நாம் பார்க்கும் வானவில் நிறங்கள் பிற்காலத்தில் வந்தவை.

ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி வீட்டுக்கு மாறும் நேரத்தில், என் அம்மா அந்த வீட்டைக் காட்டி, “ஒரு சுவருக்காவது இப்படி அடிக்கலாமேப்பா” என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சுவரை நாம் தெருவின் எதிர்ப்பக்கத்தில், நல்ல வெயிலில் நின்று பார்க்கிறோம். அம்மாவின் புது வீட்டில் சோஃபாவுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே மூன்று மீட்டர் தேறாது. ஒரே நிறம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

நிறத்தைப் பிறகு பார்ப்போம். முதல் சிக்கல் இடம். வீவக கட்டும் ஐந்தறை வீடு ஏறக்குறைய 110 சதுர மீட்டர். மூவறை வீடு 60 முதல் 65. ஈரறை ஃபிளெக்சியில் பெரிய வகையே 45க்குச் சற்று மேல்தான். ஆக, அம்மாவுக்குப் பாதிக்கு மேல் இடம் போய்விட்டது. சாமான்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

படுக்கையறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் உடனே புரிந்துவிடும். அறையின் ஒரு பக்கம் 3 மீட்டர், அதாவது 300 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துணி அலமாரியின் ஆழம் 60. இங்கு விற்கும் ‘கிங்’ மெத்தையின் அகலம் 182. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் நடுவில் மிஞ்சுவது 58 சென்டிமீட்டர். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், அலமாரியைத் திறக்கும்போது நாம் கட்டில்மேல்தான் ஏறி உட்கார வேண்டும். ‘குயின்’ மெத்தை 152. இப்போது 88 சென்டிமீட்டர் கிடைக்கிறது. தள்ளுகதவு அலமாரி போட்டால் முழு வழியும் நடக்கக் கிடைக்கும். தனியாகத் தூங்குகிறவருக்கு 107 சென்டிமீட்டர் ‘சூப்பர் சிங்கிள்’ போதும் என்பது என் கருத்து. அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுக்கும்?” என்றார். பேரப்பிள்ளைகள் எப்போதுமே கூடத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

நம் குடும்பங்களுக்கான அறைகலனைத் தேர்ந்தெடுக்கும்போது மறந்துவிடக்கூடாதது இதுதான். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தில் யாரும் தரையில் உட்காருவதில்லை. நம் வீட்டில் தீபாவளிக்கு இருபது பேர் வந்தால் பத்துப் பேர் தரையில்தான் இருப்பார்கள். கோலம் போடவும், பாய் விரிக்கவும், பலகாரத்துக்கு மாவு பிசையவும் வெறும் தரை வேண்டும். மூவர் அமரும் சோஃபாவும் நடுவில் கனமான மேசையும் போட்டுவிட்டால் அந்தத் தரை போய்விடும். அதற்குப் பதில் இருவர் அமரும் சோஃபா ஒன்று, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய முக்காலி நான்கு, சுவரோடு மடங்கும் சாப்பாட்டு மேசை என்று வைத்தால் ஆண்டில் 360 நாள் இடம் தாராளமாக இருக்கும். மீதி ஐந்து நாளுக்கு அண்டை வீட்டில் நாற்காலி கேட்டால் தரமாட்டார்களா என்ன?

சோஃபா வாங்கியதில் எங்களுக்கும் ஒரு சறுக்கல். கூடத்தை அளந்தோம், வாசல் கதவையும் அளந்தோம். மின்தூக்கியை அளக்க மறந்துவிட்டோம். வந்தவர்கள் சோஃபாவைச் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கடைசியில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போக்குவரத்துக் கட்டணம் கட்டியது நாங்கள்தான். மின்தூக்கிக் கதவின் அகலம், உள்ளே மூலைவிட்ட உயரம், வெளியே தாழ்வாரத்தின் திருப்பம் ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கால்கள் கழன்று வருமா என்றும் கேளுங்கள். உள்ளே போகாத காலணி அலமாரியை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதி.

இடம் பெரிதாகத் தெரியும் என்று சொல்லிக் கண்ணாடி மேசை வாங்குவோர் உண்டு. நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கித் தந்தேன். இரண்டாம் வாரமே அம்மா இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, அதில் முழங்காலை இடித்துக்கொண்டு விழப்பார்த்தார். அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தரையும் சுவரும் மேசையும் ஒரே வெளிர் நிறத்தில் இருந்தால் இளையர் கண்ணுக்கு வீடு அகலமாகத் தெரியும். முதியவர் கண்ணுக்கு எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகும். நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும். ஆகவே சுவர் வெளிர் நிறமாகவே இருக்கட்டும். ஆனால் அறைகலனின் விளிம்பு, கதவுச் சட்டம், மின்விசை, குளியலறைக் கைப்பிடி ஆகியவை சுவரிலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும். 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் இருக்கும் வீவக வீட்டுக்கு ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் மானிய விலையில் கைப்பிடிகள் பொருத்தித் தருகிறார்கள். குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கவும் செய்து தருகிறார்கள். கண்ணாடி மேசை இப்போது என் வீட்டில் இருக்கிறது.

இனி நிறத்துக்கு வருவோம். வெள்ளையும் அதற்கு நெருங்கிய நிறங்களும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அடர் நிறங்கள் விழுங்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லா அறைக்கும் வெள்ளை பொருந்தாது. பழைய புளோக்குகளில் தாழ்வாரத்தைப் பார்த்த படுக்கையறையில் வெயில் நேரடியாக விழாது. அங்கே தூய வெள்ளை சாம்பல் பூத்தது போல் இருக்கும். சற்று மஞ்சள் கலந்த பாலாடை நிறம் அங்கே பொருந்தும். மேற்குப் பார்த்த அறையில் பிற்பகல் வெயில் எந்த மஞ்சளையும் ஆரஞ்சாக்கிவிடும்; அங்கே வெளிர் பச்சையோ வெளிர் சாம்பலோ கண்ணுக்கு இதம். விளக்கும் நிறத்தை மாற்றும். பல்பு பெட்டியில் 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் ஒளி, 6500 என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு பெரிய தாளில் பூசிச் சுவரில் ஒட்டி, காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

சமையலறைக்குக் கழுவக்கூடிய சாயம்தான் வேண்டும். நாம் தாளிக்கிறவர்கள். மஞ்சள் கறை பளபளப்பற்ற சாயத்தில் ஏறினால் அவ்வளவுதான். சாமி மாடத்தின் பின்சுவரில் விளக்குக் கரி படியும். அங்கே சாயத்தை நம்பாமல் ஓடு ஒன்றைப் பதித்துவிடுவது மேல். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2022 ஜனவரி முதல் சாயத்தில் ஈயத்தின் அளவை ஒரு மில்லியனில் 90 பங்காகக் குறைத்துவிட்டது. வீட்டில் பல காலமாகக் கிடக்கும் பழைய டின்னை எடுத்துக் குழந்தையின் அறைக்குப் பூசவேண்டாம்.

சாயம் பூச வீவக அனுமதி தேவையில்லை. சுவரை இடிப்பதற்குத் தேவை. ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் சொல்லும் காப்பறையின் சுவரை இடிக்கவே முடியாது. புதிய வீட்டின் குளியலறை ஓடுகளை முதல் மூன்றாண்டுக்கு மாற்றக்கூடாது. வாடகைக்கு இருப்பவர்கள் தூரிகையை எடுக்கும்முன் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வைப்புத்தொகையில் கைவைத்துவிடுவார்.

அம்மாவின் கெர்பாவ் சாலை ஆசை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுவர்கள் பாலாடை நிறம். படுக்கையறைக் கதவும் அதன் சட்டமும் மட்டும் நல்ல கிளிப்பச்சை. இரவு விளக்கின் மங்கலிலும் கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது.