பெட்டியில் உள்ள இலக்கமா, பிடிக்கும் கையா?

சில வருடங்களுக்கு முன்னர் நான் செய்த ஒரு பிழையான கொள்வனவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கேமிங் மவுஸ் நன்றாக விலைபோகிறது என்று கேள்விப்பட்டு, ஓர் இறக்குமதியாளரிடம் 60 மவுஸ்கள் மொத்தமாக எடுத்தேன். பெட்டியில் பெரிய எழுத்தில் டீ.பீ.ஐ. இலக்கம், மவுஸில் ஏழு நிறத்தில் வெளிச்சம், விலையோ மலிவு. இரண்டு கிழமையில் பாதி விற்றுத் தீர்ந்தது. இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியது.

"நானா, ஒருக்கா அமத்தினா ரெண்டு தரம் அமருது" என்று ஒரு பையன் வந்து நின்றான். மாற்றிக் கொடுத்தேன். மாற்றிக் கொடுத்ததும் திரும்பி வந்தது. இலாபம் போனதோடு, அந்தப் பையன் மறுபடி என் கடைப் படி ஏறவில்லை. சாமானைப் பற்றித் தெரியாமல் சாமான் எடுத்ததன் விலை அது. அதன் பிறகுதான் இந்தச் சின்னப் பொருளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

டீ.பீ.ஐ. என்பது என்ன?

மவுஸை மேசையில் ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை புள்ளிகள் நகர்ந்ததாகச் சொல்கிறது என்பதே இந்த இலக்கம். 1920 புள்ளி அகலமான திரையை 800 டீ.பீ.ஐ.யில் கடக்க ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் கை அசைய வேண்டும். 16,000 டீ.பீ.ஐ.யில் 3 மில்லிமீற்றர் போதும். அவ்வளவு வேகத்தில் எவரால் குறிபார்த்துச் சுட முடியும்? கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகளைத் தொழிலாகவே ஆடுபவர்களில் பெரும்பாலானோர் 400, 800, 1600 போன்ற அளவுகளிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மலிவான சில மவுஸ்களில் பெட்டியில் உள்ள பெரிய இலக்கம், உள்ளே இருக்கும் சென்சர் உண்மையாக அளப்பதும் அல்ல. கணக்கில் பெருக்கிக் காட்டுவது.

எனவே இலக்கத்தை விட, வேகமாக வீசினாலும் தடுமாறாத சென்சரா என்பதே கேள்வி. இதோடு இன்னொரு அளவும் உண்டு. சாதாரண மவுஸ் செக்கனுக்கு 125 தடவை கணினிக்குத் தகவல் அனுப்பும். அதாவது 8 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை. கேமிங் மவுஸ் 1000 தடவை அனுப்பும். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு இது தாராளம்.

ஆட்டத்துக்கு ஏற்ற மவுஸ்

வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கி விளையாட்டு ஆடுபவர் கையை வீசி ஆடுவார். அவருக்குப் பாரம் குறைந்த மவுஸ் வேண்டும். 2020இல் வெளிவந்த லொஜிடெக் ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு. அதே கம்பனியின் ஜி502 ஹீரோ 121 கிராம்; ஆனால் அதில் 11 பட்டன்கள். பல வகை விளையாட்டும் ஆடுபவருக்கு அது பொருந்தும். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் போல ஏராளமான கட்டளைகள் உள்ள விளையாட்டுக்கு, பெருவிரல் பக்கம் 12 பட்டன்கள் கொண்ட ரேஸர் நாகா வகை. டோட்டா 2 ஆடுபவர் ஓயாமல் அமத்துவார். அவருக்குப் பட்டனின் உறுதியே முக்கியம்.

அடுத்தது பிடி. உள்ளங்கை முழுவதையும் வைத்துப் பிடிப்பவருக்கு முதுகு உயர்ந்த பெரிய மவுஸ். விரல்களை வளைத்து நகம் போலப் பிடிப்பவருக்கு நடுத்தரமானது. விரல் நுனியால் மட்டும் பிடிப்பவருக்குச் சிறியது, இலேசானது. இடது கைக்காரருக்கு இரு பக்கமும் ஒரே வடிவில் உள்ளதைத் தவிர வேறு எதையும் காட்ட வேண்டாம்.

காசு எங்கே போகிறது?

2020இல் அமெரிக்காவில் லொஜிடெக் ஜி203 சுமார் 40 டொலருக்கும், சூப்பர்லைட் சுமார் 150 டொலருக்கும் சந்தைக்கு வந்தன. ஏறக்குறைய நாலு மடங்கு. ஜி203 வயர் உள்ளது, 85 கிராம், 8000 டீ.பீ.ஐ., செக்கனுக்கு 1000 தடவை. பாடசாலைப் பையனுக்கு இதில் என்ன குறை? மேலதிகப் பணம் வயர் இல்லாமைக்கும், பாரக் குறைவுக்கும், உயர்ந்த சென்சருக்கும் போகிறது. போட்டிக்குப் போகிறவருக்கு அது பெறுமதி. மற்றவருக்கு, கையிருப்புக் குறைவென்றால் வயர் உள்ளதை எடுத்து, மிச்சக் காசில் ஒரு பெரிய மவுஸ் விரிப்பு வாங்கச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்குக் காசு கொடுப்பது கடைசி.

கடைக்காரர் செய்ய வேண்டியது

மொத்தமாக எடுக்கும் முன் ஒன்றை உடைத்துப் பரீட்சித்துப் பாருங்கள். விரிப்பில் வேகமாக வீசுங்கள். அம்புக்குறி திடீரென எங்கோ பாய்ந்தால் சென்சர் சரியில்லை. ஒரு ஃபோல்டரின் மேல் மெதுவாக, இடைவெளி விட்டு ஐம்பது தடவை ஒற்றை அமத்தல் அமத்துங்கள். ஒரு தடவையாவது அது தானாகத் திறந்தால் பட்டன் இரட்டிக்கிறது. மாற்றிக் கொடுக்கும் காலத்தை வாய்ப்பேச்சாக விடாமல் இறக்குமதியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதே காலத்தை வாடிக்கையாளரின் பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

பெட்டிக்கு வெளியே மூன்று அளவில் மூன்று மவுஸ்களைக் கையில் பிடித்துப் பார்க்க வையுங்கள். வருபவரிடம் மூன்றே கேள்விகள்: என்ன விளையாட்டு? எப்படிப் பிடிப்பீர்கள்? எவ்வளவு காசு?

இப்போது என் கடையில் அப்படித்தான். போன மாதம் ஒரு தகப்பனும் மகனும் வந்தார்கள். தகப்பன் இருப்பதிலேயே விலை கூடியதைக் காட்டினார். மகனின் கையைப் பார்த்தேன், சின்னக் கை. விலை குறைந்த, சின்ன மவுஸைக் கொடுத்தேன். அன்று எனக்கு இலாபம் குறைவுதான். அடுத்த கிழமை அந்தத் தகப்பன் தன் கடைக்கு இரண்டு பிரிண்டர் எடுக்க வந்தார்.